சந்தேகம் போதும், சொல்லிவிடுங்கள்: விளையாட்டுப் பயிற்சியில் குழந்தைகளுக்கு நேரும் அத்துமீறல்

1990 ஆகஸ்டில், ஹரியானா மாநிலம் பஞ்ச்குலாவில் டென்னிஸ் கற்றுக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுமியிடம், மாநில டென்னிஸ் சங்கத்தின் தலைவர் தன் அலுவலகத்தில் வைத்துத் தவறாக நடந்துகொண்டார். அவர் காவல்துறையில் ஐ.ஜி.யாகவும் இருந்தவர். சிறுமி அதை மறைக்கவில்லை. கூடப் பயின்ற தோழி சாட்சியாக நின்றாள். இரண்டு வீட்டுப் பெற்றோரும் முறையிட்டார்கள். காவல்துறையின் தலைமை அதிகாரி விசாரித்து, வழக்குப் பதியலாம் என்று அடுத்த மாதமே அறிக்கை கொடுத்தார். ஆனாலும் வழக்குப் பதிவாகவில்லை. மாறாக, சிறுமி பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள். அவளுடைய சகோதரன் மீது அடுத்தடுத்து கார் திருட்டு வழக்குகள் வந்தன. 1993 டிசம்பரில் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். முதல் தகவல் அறிக்கை பதிவானது 1999 டிசம்பரில். 2009-ல் வந்த தீர்ப்பு ஆறு மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் அது ஒன்றரை ஆண்டாக உயர்ந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது. தண்டனையை மட்டும், அவர் ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தோடு நிறுத்திக்கொண்டது.

அந்தச் சிறுமி செய்ய வேண்டியதைச் செய்தாள். வாய் திறந்து சொன்னாள். கேட்டவர்களில் அதிகாரம் இருந்தவர்கள்தாம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்த எவரும் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. பெற்றோர், பி.டி. ஆசிரியர், விடுதிக் காப்பாளர், சங்கச் செயலாளர் என யாருக்கும் இதில் விலக்கு இல்லை. இது தங்கள் கடமை என்பதே தெரியாதவர்கள் இவர்களில் ஏராளம். எதைக் கவனிப்பது, யாரிடம் எப்படிச் சொல்வது என்பதை அவர்களுக்காகவே இங்கே எழுதுகிறேன்.

மைதானத்தில் ஏன் இது எளிதாகிறது

பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஐந்தாறு ஆசிரியர்கள். விளையாட்டில் பெரும்பாலும் ஒரே கோச். டீமில் பெயர் வருமா, மாவட்டப் போட்டிக்குப் போகலாமா, விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்குமா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரிக்கோ வேலைக்கோ போக உதவும் சான்றிதழ் கைக்கு வருமா என்பதெல்லாம் அந்த ஒருவர் சொல்லில் இருக்கிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் குடும்பத்தின் எதிர்காலம். அதைக் கையில் வைத்திருப்பவரை எதிர்த்து ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை பேசுவது எளிதல்ல.

விளையாட்டில் உடல்தான் முதலீடு. உடையைப் பற்றி, எடையைப் பற்றி, காயத்தைப் பற்றிப் பேசுவதும், நிலையைத் திருத்தக் கை பிடிப்பதும் அங்கே வழக்கம். வெளியூர்ப் போட்டி, கேம்ப், இரவுப் பயணம், பொது அறை எல்லாம் உண்டு. ‘சார் சொன்னால் கேட்க வேண்டும்’ என்பதை முதல் பாடமாகச் சொல்லித்தான் வீட்டிலிருந்தே அனுப்புகிறோம். இதோடு, பதக்கம் வாங்கித் தந்த பயிற்சியாளருக்கு ஊரில் கிடைக்கும் மரியாதையும் சேர்ந்துகொண்டால், குழந்தை சொல்வதை யாரும் நம்பாத நிலை தானாக உருவாகிவிடுகிறது.

ஆயிரக்கணக்கான பயிற்சியாளர்கள் சொற்பச் சம்பளத்தில், சொந்தக் காசில் ஷூ வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளை உயர்த்திவிடுகிறார்கள். அவர்களுடைய நல்ல பெயரைக் காப்பாற்றுவதற்கும், தவறு செய்பவரை அடையாளம் காண்பது அவசியம்.

எவையெல்லாம் அத்துமீறல்

பாலியல் தொல்லை மட்டும்தான் அத்துமீறல் என்று நினைத்துவிடக் கூடாது.

அடி, உதை: ஸ்டம்பால் அடிப்பது, வெயிலில் முட்டி போட வைப்பது, வாந்தி வரும்வரை ஓட வைப்பது, தண்டனையாகத் தண்ணீர் தர மறுப்பது, காயத்தோடு விளையாடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது. ‘அடிக்காமல் பிள்ளை தேறாது’ என்ற நம்பிக்கை இன்னும் நம்மிடம் இருக்கிறது. ஜப்பானிலும் அது வலுவாக இருந்தது. 2012 டிசம்பரில் ஒசாகாவில், உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அணியின் 17 வயதுக் கேப்டன், பயிற்சியாளரிடம் தொடர்ந்து அடிவாங்கியபின் தற்கொலை செய்துகொண்டான். அந்தப் பயிற்சியாளர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். கடினமான பயிற்சி வேறு, வதை வேறு. முன்னது குழந்தையின் திறனை வளர்க்கிறது; பின்னது பயிற்சியாளரின் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறது.

மனத்தை உடைப்பது: எல்லோர் முன்னாலும் எடை போட்டுக் கேலி செய்வது, நிறத்தையும் உடலையும் சாதியையும் சொல்லித் திட்டுவது, யாரும் பேசக் கூடாது என்று ஒரு பிள்ளையை ஒதுக்கிவைப்பது. சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயலாம்.

உடல்நலத்தைப் பணயம் வைப்பது: மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ, பளுதூக்குதல் போன்ற எடைப்பிரிவு விளையாட்டுகளில், எடையைக் குறைக்கப் பட்டினி போடுவதும் தண்ணீரை நிறுத்துவதும் உண்டு. ஓட்டத்திலும் ஜிம்னாஸ்டிக்ஸிலும் மெலிந்திருக்கச் சொல்லி உணவைக் குறைக்கிறார்கள். வளரும் பெண்பிள்ளைக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோனால், எலும்பில் மெல்லிய முறிவுகள் திரும்பத் திரும்ப வந்தால், உடலுக்குத் தேவையான உணவு கிடைக்கவில்லை என்று சந்தேகித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘சத்து ஊசி’ என்று பயிற்சியாளர் எதையாவது போட்டாலோ, பெயரில்லாத மாத்திரை கொடுத்தாலோ உடனே நிறுத்துங்கள். சிறுவர்களுக்கு ஊக்கமருந்து கொடுக்கும் பயிற்சியாளருக்கு, உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி வாழ்நாள் தடை வரை கிடைக்கும்.

வயது மோசடி: ஜூனியர் போட்டிகளில் போலிப் பிறப்புச் சான்றிதழ் நம் நாட்டில் பழைய நோய். இதைப் பெற்றோரும் சேர்ந்தே செய்கிறார்கள். அதன் விளைவு தகுதிநீக்கத்தோடு முடிவதில்லை. அந்தப் பொய் பயிற்சியாளருக்குத் தெரியும். நாளை அவர் தவறாக நடந்துகொண்டால், ‘வெளியே சொன்னால் உன் சர்டிபிகேட்டும் போகும்’ என்று மிரட்ட அதுவே போதும்.

சீனியர் தொல்லை: விடுதியிலும் உடைமாற்றும் அறையிலும் மூத்த பிள்ளைகள் இளையவர்களை அடிப்பது, ஆடையைக் களையச் சொல்வது, வீடியோ எடுப்பது. ‘பசங்கன்னா அப்படித்தான்’ என்று தள்ளிவிடப்படுவது இதுதான். சட்டத்தின் கண்ணில் இதில் பலவும் குற்றம்.

பாலியல் அத்துமீறல்: தொடுவது இதில் ஒரு பகுதிதான். ஆபாசமாகப் பேசுவது, படம் காட்டுவது, படம் அனுப்பச் சொல்வது, குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆடைக்கு மேல்தானே தொட்டார் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் நிராகரித்துவிட்டது. தோலோடு தோல் பட்டதா என்பதைவிட, என்ன நோக்கத்தில் தொட்டார் என்பதே முக்கியம் என்றது அந்தத் தீர்ப்பு. 18 வயது நிரம்பாதவரிடம் ‘விருப்பத்தோடுதான் பழகினோம்’ என்று சொல்வதும் சட்டத்தில் எடுபடாது.

நம்பிக்கையைச் சம்பாதித்துத்தான் தொடங்குகிறார்கள்

தவறான நோக்கமுள்ளவர் முதல் நாளே எல்லை மீறுவதில்லை. தனிமையில் இருக்கும் பிள்ளையை, வீட்டில் பிரச்சினை உள்ள பிள்ளையை, அங்கீகாரத்துக்கு ஏங்கும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார். ஸ்பைக்ஸ் ஷூ, மொபைல், கைச்செலவுப் பணம் என்று கொடுக்கிறார். ‘உன்கிட்ட திறமை இருக்கு, தனியா கோச்சிங் தர்றேன்’ என்கிறார். இரவில் வாட்ஸ்அப் செய்தி வருகிறது. முதலில் பயிற்சி பற்றி, பிறகு வேறு பேச்சு. ‘உங்க அப்பாவுக்கு விளையாட்டைப் பத்தி என்ன தெரியும்’ என்று வீட்டிலிருந்து மெல்லப் பிரிக்கிறார். ரகசியங்களைப் பகிர்ந்து, குழந்தையையும் ரகசியம் காக்கப் பழக்குகிறார். தற்செயல்போல ஒரு தொடுதல். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையென்றால் அடுத்தது. கடைசியில் மிரட்டல்.

பெற்றோரையும் இதே வழியில்தான் வளைக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிடுவார், குடும்பத்தில் ஒருவராகிவிடுவார். ‘அவர் எங்களுக்குக் கடவுள் மாதிரி’ என்று பெற்றோரே சொல்லும் நிலையில், குழந்தைக்கு வாய் திறக்க வழி இருப்பதில்லை.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் சிறுமிகளிடம் அத்துமீறினார். சில நேரம் தாயோ தந்தையோ அதே அறையில் இருக்கும்போதே, அவர்கள் கண்ணை மறைத்து அதைச் செய்தார். அவ்வளவு நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தார்.

பயிற்சியில் தொடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நல்ல பயிற்சியாளர் முதலில் சொல்லிக் காட்டுவார். தொட வேண்டியிருந்தால் எதற்கு, எங்கே என்று சொல்லிக் கேட்டுக்கொண்டு, எல்லோர் கண்ணெதிரிலும், தேவையான அளவுக்கு மட்டும் தொடுவார். ‘வேண்டாம் சார்’ என்றால் விட்டுவிடுவார். மூடிய அறையில் மசாஜ், தனியே ‘ஸ்ட்ரெச்சிங்’, காரணம் சொல்லாத உடல் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பயிற்சியில் இடமே இல்லை.

குழந்தையிடம் என்ன மாற்றம் தெரியும்

விழுந்து விழுந்து விளையாடிய பிள்ளை திடீரென்று கிரவுண்டுக்குப் போக மறுக்கும். வயிற்றுவலி, தலைவலி என்று நாள்தோறும் ஒரு காரணம் சொல்லும். குறிப்பிட்ட ஒருவர் பெயர் வந்தாலோ, போனில் செய்தி ஒலித்தாலோ முகம் மாறும். தூக்கம் கெடும், விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பும். உடம்பை மறைக்க உடை மேல் உடை போடும். படிப்பு சரியும். கையில் கீறிக்கொள்ளும். வயதுக்கு மீறிய பாலியல் சொற்கள் வரும். கணக்குச் சொல்ல முடியாத பணமோ பொருளோ கையில் இருக்கும். விளையாட்டில் படும் காயத்தோடு பொருந்தாத தடிப்புகள் உடலில் தெரியும்.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. தேர்வுப் பயத்திலும் சில வரலாம். வழக்கமான குணத்திலிருந்து விலகிய மாற்றம், பல அறிகுறிகள் ஒன்றாகச் சேர்வது, குறிப்பிட்ட ஓர் ஆளையோ இடத்தையோ சுற்றியே அவை வருவது ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

எந்த அறிகுறியுமே காட்டாத குழந்தைகளும் உண்டு. நாசரால் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான சிமோன் பைல்ஸ், 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று உலகத்துக்குத் தெரியவில்லை. ‘நல்லாத்தானே விளையாடுறா’ என்பதை ஓர் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பையன்களுக்கு இது நேராது என்பதும் தவறான நம்பிக்கை. 2016-ல் இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து வீரர் ஆண்டி வுட்வார்ட், தான் சிறுவனாக இருந்தபோது பயிற்சியாளர் ஒருவர் செய்த கொடுமையை வெளியே சொன்னார். அதன் பிறகு நடுவயது ஆண்கள் வரிசையாக முன்வந்து பேசினார்கள். அந்தப் பயிற்சியாளர் மேலும் பல வழக்குகளில் 2018-ல் தண்டிக்கப்பட்டார். போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 18 வயது நிரம்பாத எல்லோருக்கும் பொருந்தும்.

குழந்தை சொல்ல வந்தால்

குழந்தை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லாது. ‘அந்த சாரைப் பிடிக்கல’ என்று ஒரு துளி சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் பதறினாலோ திட்டினாலோ அதோடு நிறுத்திக்கொள்ளும்.

அமைதியாகக் கேளுங்கள். ‘நீ சொன்னது ரொம்ப நல்லது. தப்பு உன்மேல இல்ல. நான் கூட இருக்கேன்.’ இந்த மூன்றும் போதும். ‘அப்புறம் என்ன நடந்தது?’ என்று கேட்கலாம்; ‘இங்கே தொட்டாரா, இப்படிச் செய்தாரா?’ என்று பதிலை வாயில் திணிக்க வேண்டாம். ‘ஏன் அப்பவே சொல்லல?’, ‘நீ ஏன் தனியா போன?’ என்ற கேள்விகள் குற்றத்தைக் குழந்தையின் தலையில் ஏற்றிவிடும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். ‘உனக்கு உதவி செய்யக் கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்’ என்பதே உண்மையான வாக்கு.

குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதி, நேரத்தோடு உடனே எழுதி வையுங்கள். செய்திகளையும் படங்களையும் அழிக்காதீர்கள். போனை அப்படியே வையுங்கள். சம்பவம் அண்மையில் நடந்ததென்றால், மருத்துவப் பரிசோதனைக்கு முன் குழந்தையைக் குளிக்க வைக்காமல், அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். அத்தை, சித்தப்பா, தலைமையாசிரியர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் குழந்தையைத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

நேராகப் போய்ப் பயிற்சியாளரின் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் கோபம் சொல்லும். அது அவருக்குத் தடயங்களை அழிக்கவும் மற்ற பிள்ளைகளை மிரட்டவும் அவகாசம் கொடுப்பதாகவே முடியும்.

சங்கத்திடம் மட்டும் சொல்வது ஏன் போதாது

‘முதலில் நாங்கள் விசாரிக்கிறோம், உண்மையென்றால் போலீஸுக்குப் போகலாம்’ என்று நிர்வாகம் சொல்லும். நல்லெண்ணத்தில் சொன்னாலும் இதை ஏற்காதீர்கள்.

நாசர் வழக்கு இதற்குச் சரியான பாடம். 1997-லேயே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஒருவரிடம் தான் சொன்னதாகப் பாதிக்கப்பட்ட ஒருவர் பின்னாளில் தெரிவித்தார். 2014-ல் அந்தப் பல்கலைக்கழகம் தானே விசாரித்து, நாசர் மீது தவறில்லை என்றது. 2015 கோடையில் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்புக்குப் புகார் போனது. அவர்கள் ஏறத்தாழ ஐந்து வாரம் உள்விசாரணை நடத்திவிட்டுத்தான் எஃப்.பி.ஐ.யிடம் சொன்னார்கள். எஃப்.பி.ஐ. அலுவலகமும் அசையவில்லை. 2016 செப்டம்பரில், ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற முன்னாள் ஜிம்னாஸ்ட் தன் பெயரோடு ‘இண்டியானாபோலிஸ் ஸ்டார்’ நாளிதழில் பேசிய பிறகே உண்மை வெளியானது. எஃப்.பி.ஐ.க்குத் தெரிந்ததற்கும் அந்த நாளிதழ்ச் செய்திக்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும் ஏறத்தாழ 70 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டதாக நீதிமன்ற ஆவணங்கள் சொல்வதை, அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021 அறிக்கையில் எடுத்துக்காட்டினார். 2018 ஜனவரியில் 156 பேர் வாக்குமூலங்கள் நீதிமன்றத்தில் ஒலித்தன. நாசருக்கு 40 முதல் 175 ஆண்டு வரை சிறை. அடுத்த மாதமே, விளையாட்டில் சிறார் மீதான அத்துமீறலை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது.

ஒவ்வொருவரும் ‘நன்றாக விசாரித்துவிட்டுச் சொல்லலாம்’ என்று காத்திருந்த நாட்களில்தான் அந்தக் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது போலீஸின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. நம் வேலை சொல்வது மட்டும்.

நம் சட்டமும் இதையே சொல்கிறது. போக்சோ 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குத் தொடர முடியாது. தெரிந்தும் சொல்லாதவருக்கு 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. புகாரைப் பதிவு செய்யாத போலீஸ்காரருக்கும் இதே பிரிவில் தண்டனை உண்டு. சொல்லாமல் இருந்ததற்காகக் குழந்தையை மட்டும் எந்த வகையிலும் தண்டிக்க முடியாது.

யாரிடம், எப்படிச் சொல்வது

1098: குழந்தைகள் உதவி எண். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். குழந்தையே பேசலாம், பக்கத்து வீட்டுக்காரரும் பேசலாம். அவசர ஆபத்து என்றால் 112. தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

காவல் நிலையம்: எந்தக் காவல் நிலையத்திலும் சொல்லலாம்; தமிழ்நாட்டில் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்தை நாடுகிறார்கள். சம்பவம் வெளியூர் கேம்பில் நடந்திருந்தாலும் உங்கள் ஊர் நிலையத்திலேயே பதிந்து, உரிய இடத்துக்கு அனுப்பச் சொல்லலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு: போலீஸுக்குப் போகத் தயங்குபவர்கள் இங்கே தொடங்கலாம். தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் ‘போக்சோ இ-பாக்ஸ்’ வழியாக இணையத்திலும் தெரிவிக்கலாம்.

சட்டமொழி தெரிய வேண்டியதில்லை. யார், யாரிடம், எங்கே, எப்போது, எப்படித் தெரியவந்தது என்பதைச் சொன்னால் போதும். ‘இன்ன அகாடமியில் பயிற்சி தரும் இன்னார், 14 வயதுப் பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டதாக அந்தப் பிள்ளை நேற்று மாலை என்னிடம் சொன்னது. அவரிடம் இன்னும் இருபது பிள்ளைகள் பயில்கிறார்கள்’ என்பது முழுமையான புகார். மற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது முக்கியம். ஒருவர் பேசினால் மற்றவர்களுக்கும் துணிவு வரும். 2021 மே மாதம் சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானபோதும், ஒருவர் புகார் தந்த பிறகு வேறு சிலரும் முன்வந்தார்கள்.

அடி, பட்டினி, வதை ஆகியவற்றுக்குப் போக்சோ பொருந்தாது. அவற்றுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வதைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை. குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியர் என்றால் ஐந்து ஆண்டு வரை. பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. இவற்றுக்கும் 1098-ல் சொல்லலாம்.

போலீஸிடம் சொன்ன பிறகு பள்ளிக்கும் சங்கத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விசாரணை முடியும்வரை அவரைக் குழந்தைகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

புகாருக்குப் பிறகு

குழந்தையை நிலையத்துக்கு அலைக்கழிப்பார்களோ என்பதுதான் பெற்றோரின் பெரிய பயம். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி எடுக்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம். இரவில் குழந்தையை நிலையத்தில் வைக்க முடியாது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். நீதிமன்றத்தில் குழந்தை குற்றம்சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். குழந்தைக்குத் துணையாக ஓர் ஆதரவு நபரை நியமிக்கவும், இடைக்கால இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைப் பெறலாம்.

விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பல வழக்குகள் அதைத் தாண்டுகின்றன. நடுவில் ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், பணம் பேசுவார்கள், பெண்ணின் வாழ்க்கை பாழாகிவிடும் என்பார்கள். இத்தகைய குற்றங்களைச் சமரசத்தால் ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மிரட்டல் வந்தால் அதையும் எழுத்தில் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள்; அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம்.

18 வயது தாண்டியவர்களுக்கு

கல்லூரி, மாநில, தேசிய அணி வீராங்கனைகளுக்கு 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாமே அதில் பணியிடம்தான். உள்ளகக் குழுவிடமோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடமோ மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். போலீஸில் தனியாகவும் புகார் தரலாம். சிறுவயதில் நடந்ததை வளர்ந்த பிறகும் சொல்லலாம்.

2023-ல் சாக்‌ஷி மாலிக், வினேஷ் போகாட் போன்ற உலகறிந்த மல்யுத்த வீராங்கனைகள், புகாரைப் பதிவு செய்ய வைக்கவே டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே ஏப்ரல் இறுதியில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவருக்கே இந்த நிலை என்றால், மாவட்ட அளவில் ஓடும் பள்ளிப் பிள்ளைக்கு அருகில் நிற்கும் பெரியவர்கள் எவ்வளவு தேவை என்பது விளங்கும்.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போலவே இவற்றையும் கேளுங்கள்: பயிற்சியாளர்கள் பற்றிக் காவல்துறைச் சரிபார்ப்பு செய்திருக்கிறீர்களா? பயிற்சி நேரத்தில் பெற்றோர் வந்து பார்க்கலாமா? பெண்பிள்ளைகள் வெளியூர் போனால் கூடப் பெண் பொறுப்பாளர் வருவாரா? பயிற்சியாளரும் பிள்ளையும் ஒரே அறையில் தங்குவதில்லை என்ற விதி உண்டா? தனிச்செய்தி அனுப்பாமல், பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் தகவல் தருவீர்களா? உடைமாற்றும் அறையில் போன் தடையா? புகார் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறதா? நேர்மையான அகாடமி இந்தக் கேள்விகளை வரவேற்கும். ‘எங்களையே சந்தேகப்படுறீங்களா’ என்று கோபப்படும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம் ‘ஜெயிச்சியா’ என்று மட்டும் கேட்காமல், ‘இன்னிக்கு எது பிடிச்சுது, எது பிடிக்கல’ என்று கேளுங்கள். சார் சொன்னாலும் மறுக்கலாம், மறுத்தால் அம்மா அப்பா உன் பக்கம் நிற்போம் என்பதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். 1098 என்ற எண்ணை வீட்டு முகவரியைப் போல மனப்பாடம் செய்ய வையுங்கள்.

கடைசியாக ஒன்று. புகார் கொடுத்த பிறகு ‘இனிமே விளையாட்டே வேண்டாம், வீட்டில் இரு’ என்று பிள்ளையை நிறுத்திவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்து நாம் செய்வது, உண்மையைச் சொன்னதற்கான தண்டனையாகக் குழந்தைக்குப் படும். அதைப் பார்க்கும் மற்ற பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள். மனநல ஆலோசகரின் உதவியோடு, அந்தக் குழந்தை விரும்பினால் வேறு மைதானத்தில், வேறு பயிற்சியாளரிடம் மறுபடி சேர்த்துவிடுங்கள். விலக வேண்டியவர் தவறு செய்தவர். விளையாட்டு அந்தக் குழந்தைக்கு உரியது. அது அதனிடமே இருக்கட்டும்.